தொழிற்சாலைக்கு வரும் பிள்ளைகளை மதிப்பெண் பார்த்துப் பிரிக்காதீர்கள்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும்,

கடந்த மாதம் ஒரு பள்ளியிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு பட்டியல் வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து 32 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசித் தேர்வின் மொத்த மதிப்பெண். அடியில் ஒரு குறிப்பு: "படிப்பில் பின்தங்கியவர்களை மட்டும் இந்த ஆண்டு அனுப்புகிறோம். மற்றவர்களுக்குத் தேர்வுப் பயிற்சி இருப்பதால் வர இயலாது."

அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எங்களிடம் ஒரு நாள் வந்து போய்க்கொண்டிருந்தது. நான் 27 ஆண்டுகளாக டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளையும் அச்சுகளையும் செய்யும் பிரிவில், வேலை பார்க்கிறேன். அந்த ஒரு நாளை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. பட்டியலைப் பார்த்ததும் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். "உங்களுக்கும் ஆள் வேணும், இந்தப் பிள்ளைங்களுக்கும் ஒரு வழி வேணும். நல்லதுதானே சார்?" என்றார்கள். பேசியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்புகிறார். அதனால்தான் இதை அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இப்படித் தாளில் பட்டியல் போடாத பள்ளிகளிலும் அது பேச்சில் இருக்கிறது. "ஒழுங்காப் படி, இல்லன்னா ஃபேக்டரிக்குத்தான் போகணும்" என்று வகுப்பில் ஒரு முறையாவது சொல்லாத ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள்? என் ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

அந்த 32 பேரும் வந்தார்கள். மற்ற ஆண்டுகளில் பேருந்து வாசலுக்கு வரும் முன்பே கூச்சல் கேட்கும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுவதற்குள் கலாட்டா நடக்கும். காலணி பெரிதாக இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. வரிசையாக இறங்கினார்கள், கொடுத்ததை மாட்டிக்கொண்டார்கள், தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். தாங்கள் மட்டும் ஏன் வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுழலும் கருவியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் பிரிவைத் தாண்டும்போது ஒரு பையன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்:

"சார், நாங்க மார்க் எடுக்கலன்னுதானே எங்கள மட்டும் இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க?"

"இல்லப்பா, இங்க எல்லாரும்தான் வருவாங்க" என்றேன். பொய். அது பொய் என்று அவனுக்கும் தெரியும். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய நிலையில் என்னை வைத்ததற்காகவே இந்த மடலை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அளவீட்டு அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் 103 எஃகுத் துண்டுகள். ஸ்லிப் கேஜ் என்போம். ஒவ்வொன்றின் தடிமனும் மைக்ரான் பிசகாமல் தெரிந்தது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றின் முகங்கள் அவ்வளவு தட்டையாக இழைக்கப்பட்டிருப்பதால், இரண்டைத் துடைத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தித் திருப்பினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இது மாயம் மாதிரி இருக்கும். நடுவில் காற்று இல்லாமல் போவதையும், மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும், முகங்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் சொல்லிப் புரியவைத்தால் இன்னும் ஆர்வமாகக் கேட்பார்கள்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்ற சுவீடன்காரர். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக ஓர் அளவுக்கட்டை செய்துகொண்டிருந்த காலத்தில், கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் 102 துண்டுகளைக் கொண்டே ஏறக்குறைய 20,000 அளவுகளைச் சேர்த்துவிடலாம் என்று 1896-இல் அவருக்குத் தோன்றியது. துண்டுகளை இழைப்பதற்கு மனைவியின் தையல் இயந்திரத்தையே மாற்றி அமைத்துக்கொண்டார். இன்றைக்கும் பட்டறைகளில் நீளம் அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும்போது பெரும்பாலும் அந்த யோசனைதான் அடியில் இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஓர் அளவைக் கொடுத்து, பெட்டியிலிருந்து துண்டுகளை எடுத்துச் சேர்க்கச் சொல்வேன். அன்று கொடுத்தது 41.125 மில்லிமீட்டர். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என்னிடம் கேள்வி கேட்ட அதே பையன் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். 1.005 எடுத்தான். அப்புறம் 1.12. மீதி 39 என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு 14-ஐயும் 25-ஐயும் எடுத்தான். தாள் இல்லை, பேனா இல்லை. நான்கையும் ஒட்டி என் கையில் கொடுத்தான். கூட வந்த ஆசிரியர், "இவனா? இவன் கணக்குல பாஸ் பண்ணி ரொம்ப நாளாச்சு" என்றார். அவனுக்கு முன்னாலேயே சொன்னார்.

அவன் மேதை என்று நான் சொல்ல வரவில்லை. தசமம் என்பது கையில் எடையோடும் குளிர்ச்சியோடும் வந்தபோது அவனுக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான். கரும்பலகையில் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே கணக்கு. இதில் எதை வைத்து நீங்கள் அவனைப் "பின்தங்கியவன்" என்று எழுதினீர்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த 32 பேரில் ஏழெட்டுப் பேருக்கு எங்கள் வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு பெண் வெளிப்படையாகவே, "எனக்கு மனுஷங்களோட பேசிட்டே இருக்கற வேலைதான் சார் வேணும், இங்க மெஷின்தான் பேசுது" என்றாள். அவள் சொன்னது நியாயம். மதிப்பெண் குறைந்தவர்களுக்குத் தொழிற்சாலை பிடிக்கும் என்று யார் முடிவு செய்தது? மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பிடிக்காது என்று யார் முடிவு செய்தது?

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. எங்களிடம் ஐந்து அச்சுகளில் நகரும் மில்லிங் மெஷினுக்கு புரோகிராம் எழுதும் ஒருவரின் மகள் அதே பள்ளியில், அதே வகுப்பில் படிக்கிறாள். வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவள். அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்காகக் காத்திருந்தவள். அவளுக்கு அனுமதி இல்லை. "அது உனக்கான இடம் இல்லம்மா" என்று சொல்லி வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்களாம். அன்று மாலை வீட்டில் அவள் அப்பாவிடம் கேட்டது, "அப்போ உங்க வேலை மட்டமானதாப்பா?" அவர் மறுநாள் என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. டைட்டானியக் கட்டியைக் குடைந்து முழங்கால் மூட்டு மாற்றுப் பாகம் செய்வதற்கு வெட்டும் பாதை எழுதுகிறவர் அவர். வெட்டும் டூல் ஐந்து திசைகளில் ஒரே நேரத்தில் நகரும்போது எங்கும் இடிக்காமல், அதிராமல், வெப்பம் ஏறாமல் போக வேண்டும். முக்கோணவியலும் உலோகவியலும் தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொழிற்சாலை எது என்று எனக்குத் தெரியும். கரி, எண்ணெய்ப் பிசுக்கு, காது கிழியும் சத்தம், யாரோ சொன்னதை யோசிக்காமல் செய்துகொண்டிருக்கும் மனிதர்கள். நான் சேர்ந்தபோது அதில் பாதி இருந்தது. ஆனால் யோசிக்காமல் செய்யும் வேலை என்பது அப்போதும் உண்மை இல்லை. அதை நான் கற்றுக்கொண்ட கதை எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டுகளைக் கடைந்துகொண்டிருந்தேன். அளவு கூடவும் குறையவும் மொத்தம் 12 மைக்ரான்தான் இடம். அன்று வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் சரியாகப் பாயவில்லை, நான் கவனிக்கவில்லை. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தேன். அளவு கூடுதலாகத் தெரிந்தது. மெஷினில் பதியும் வெட்டு அளவுத் திருத்தத்தை, ஆஃப்செட் என்போம், அதைக் குறைத்தேன். அடுத்ததும் கூடுதல், மறுபடி கொஞ்சம் குறைத்தேன். சரியான அளவு வந்துவிட்டது என்று நினைத்து ஷிஃப்ட் முழுவதும் ஓட்டினேன். 40 தண்டுகள். மறுநாள் காலை அவை குளிர்ந்த பிறகு ஆய்வாளர் அளந்தார். எல்லாமே அளவு குறைந்திருந்தன. கூடுதலாக இருந்தால் இன்னொரு முறை கடைந்துகொள்ளலாம். குறைந்துபோனதை ஒட்டவைக்க முடியாது. நாற்பதும் கழிவுத் தொட்டிக்குப் போயின.

என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்தார். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும் என்று எழுதினார். 80 மில்லிமீட்டர், 15 டிகிரி கூடுதல் சூடு என்று போட்டுப் பெருக்கச் சொன்னார். கிட்டத்தட்ட 14 மைக்ரான் வந்தது. எனக்குக் கொடுத்த இடமே 12. "இத பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே" என்றார். படித்திருந்தேன். வெப்ப விரிவு. அந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிட்டேன். அளவுகளை எல்லாம் 20 டிகிரி செல்சியஸில்தான் பேச வேண்டும் என்று 1931-இலேயே உலக அளவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், எங்கள் அளவீட்டு அறை எப்போதும் ஏன் அவ்வளவு குளிராக இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்றோடு ஒன்று பொருந்தின. உங்கள் இயற்பியல் வகுப்புக்கும் என் லேத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரைக் கட்டியது யார் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

கணினி வந்த பிறகு தொழிற்சாலை மாறிவிட்டது என்று பேசுகிறார்கள். உண்மையில் கணக்கிடும் இயந்திரம் பட்டறைக்குள் வந்து பல தலைமுறை ஆகிறது. 1940-களில் ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைக் கையால் வரைந்து அரத்தால் தேய்த்துச் சரியாகக் கொண்டுவருவது பெரும்பாடு. வளைவின் மேல் இருக்கும் புள்ளிகளைத் அட்டையில் போட்ட துளைகளைப் படித்துக் கணக்குப் போடும் துளையட்டை இயந்திரத்தில் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே மெஷினை நகர்த்தலாம் என்று அவரும் கூட வேலை செய்த பொறியாளரும் யோசித்தார்கள். 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டியது. கணினி எண்களால் இயக்கும் மெஷினை இன்று நாங்கள் சிஎன்சி என்று அழைக்கிறோம், அதன் தாத்தா அது. இந்த வரலாற்றை எத்தனை கணினி வகுப்புகளில் சொல்கிறார்கள்? கோடிங் கற்றுக்கொள்ளச் சொல்லும்போது செயலி செய்வதைப் பற்றி மட்டுமே சொல்கிறோம். எழுதும் வரி ஒன்றுக்கு எஃகு வளைந்து கொடுக்கும் என்பதை ஒரு பிள்ளை ஒரு முறை பார்த்துவிட்டால், அந்த முகத்தை நீங்கள் வகுப்பில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"எல்லாம் ரோபோ வந்துவிடும், அங்கே போய் என்ன செய்வது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள், ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான பயம், அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். முதல் தொழிற்சாலை ரோபோ 1961-இல் அமெரிக்காவில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தது. அச்சிலிருந்து கொதிக்கும் வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் வேலை. மனிதர்கள் செய்து கை வெந்த வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் போயின என்பதும் உண்மை. ஒரே பாகத்தை எடுத்து ஒரே இடத்தில் நாள் முழுவதும் வைக்கும் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யாதீர்கள் என்று நானே சொல்வேன். ஆனால் ரோபோவின் பிடியை வடிவமைப்பது, அதற்கு வழி கற்றுக்கொடுப்பது, நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது, அது செய்த பாகம் சரிதானா என்று சொல்வது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். எங்கள் பிரிவில் நான்கு ரோபோக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நள்ளிரவில் நின்றுவிடும். சென்சார் கண்ணில் கூலண்ட் படிந்ததா, பாகத்தைப் பிடிக்கும் கிரிப்பரில் காற்று கசிகிறதா, மூலப்பொருளே கோணலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் அப்போது தேடுகிறோம். அப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடியே எங்களுக்கு ஆண்டுகள் போகின்றன. இடமும் இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆளும் இருக்கிறது. கதவைத் தட்டுபவர்கள் குறைவு. தட்டுபவர்களும் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள்.

சில நாடுகளில் இப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் கட்டாயப் பள்ளிப்படிப்பு முடித்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலை, மீதி நாள் வகுப்பு. பிறகு விரும்பினால் அதே வழியிலிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். கதவு மூடியிருப்பதில்லை. ஜெர்மனியில் 1969-இலிருந்தே இதற்கென்று சட்டம் இருக்கிறது, 300-க்கும் மேற்பட்ட தொழில்களுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள் என்ற குறை ஜெர்மனியில் வெகுகாலமாகப் பேசப்படுகிறது. பிரிப்பது எங்கே நடந்தாலும் தவறுதான். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கையால் கற்றவன் மேலே போவதற்குத் திறந்து வைத்திருக்கும் கதவு.

1950-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் இளைஞர்களோடு தொடங்கிய தொழில்திறன் போட்டி இன்று வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்ற பெயரில் உலகம் முழுவதற்குமாக நடக்கிறது. சிஎன்சி டர்னிங் (கடைசல்), மில்லிங், வெல்டிங், இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் என்று தனித்தனிப் போட்டிகள். பெரும்பாலானவற்றில் 22 வயது வரைதான் கலந்துகொள்ள முடியும். ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, நேரம் குறித்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஒலிம்பிக் வீரர்களின் படங்கள் மாட்டியிருக்கும் உங்கள் பள்ளிச் சுவரில் இந்தப் போட்டியில் வென்ற ஒருவரின் படத்துக்கும் இடம் கொடுக்கலாமே.

இனி எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. பெற்றோர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிக்கு என்று சேர்த்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் தரையைக் கூட்டவும் பெட்டி தூக்கவும் வைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் என்ற பெயரிலேயே ஐந்தாறு ஆண்டு வைத்திருந்து, நிரந்தரம் என்ற பேச்சையே எடுக்காத இடங்களும் உண்டு. என்னோடு சேர்ந்த ஒருவர் பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்தார். வேகமாக ஓட்டுவதற்காக அந்த மெஷினின் பாதுகாப்புக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவருக்கு அப்போது 19 வயது. அந்தக் கதவு இருந்திருந்தால் இன்றைக்கு அவர் என்னோடு டூல் ரூமில் இருந்திருப்பார்.

ஆகவே தொழிற்சாலை என்று சொன்னாலே நல்லது என்று நம்பி அனுப்பாதீர்கள். வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். யார் சொல்லிக்கொடுக்கிறார், எத்தனை மாதத்தில் எந்த மெஷினில் நிற்க வைப்பீர்கள், பயிற்சி முடிந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களோடு நான் தனியாகப் பேசலாமா என்று கேளுங்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால், யாரிடமும் கேட்காமல் மெஷினை நிறுத்த அவனுக்கு உரிமை உண்டா? 1924-இல் ஜப்பானில் சகிச்சி தொயோதாவும் அவர் மகனும் உருவாக்கிய தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். தவறை அடுத்த முழத்துக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நிறுத்துவது என்ற அந்த எண்ணம் பிறகு டொயோட்டா கார் தொழிற்சாலையில் வளர்ந்தது. வேலை செய்யும் எவரும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் வரிசையே நிற்கும். அந்த உரிமை இல்லாத இடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம். எங்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

இப்போது நான் உங்களிடம் கேட்பது.

தொழிற்சாலைப் பார்வைக்கு மதிப்பெண் பட்டியல் அனுப்பும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். வந்தால் வகுப்பு முழுவதும் வரட்டும், ஆண்களும் பெண்களும், முதலிடம் வாங்குபவர்களும் கடைசி பெஞ்சும். எங்களால் ஒரே நாளில் அவ்வளவு பேரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்கிறோம். அகர வரிசையில் பிரியுங்கள்.

வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் பார்வையாக இது இருக்க வேண்டாம். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது. ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று மணி நேரமாவது கையால் ஏதாவது செய்ய வேண்டும்: அளக்க, ஒரு சின்னப் பாகத்தைத் திரையில் வரைய, அதை மெஷின் வெட்டுவதைப் பார்க்க, பிசிர் எடுக்க, மறுபடி அளந்து தன் வரைபடத்தோடு ஒப்பிட. செய்த பாகத்தை அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும்.

பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் வாருங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு நாள் எங்கள் பிரிவுகளில் இருந்து பார்க்கட்டும். நாங்கள் எந்த இடத்தில் உங்கள் பாடத்தைப் பயன்படுத்துகிறோம் என்று நீங்களே குறித்துக்கொண்டு போய் அந்தப் பாடத்தில் சொல்லலாம். வெப்ப விரிவு நடத்தும்போது என்னுடைய 40 தண்டுகளின் கதையைச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் பள்ளியில் பூட்டிக் கிடக்கும் பட்டறை அறை இருந்தால் திறங்கள். பல பள்ளிகளில் அது பழைய மேசை நாற்காலி போட்டுவைக்கும் இடமாகிவிட்டது. ஒரு வைஸ், நாலு அரம், வெர்னியர், ஒரு சின்ன முப்பரிமாண அச்சு இயந்திரம், இவ்வளவு இருந்தாலே தொடங்கலாம். பழைய கருவிகளைச் சரிசெய்து கொடுக்க எங்களைப் போன்ற பட்டறைகளைக் கேளுங்கள். மாதம் இரண்டு மாலை வந்து சொல்லிக்கொடுக்க எங்களிடமிருந்து ஆள் அனுப்புகிறோம். நான் வருகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் எந்தக் கல்லூரியில் யாருக்கு இடம் கிடைத்தது என்று வாசிக்கிறீர்கள். அதோடு தொழிற்பயிற்சிக்குப் போன உங்கள் பழைய மாணவர்களையும் அதே மேடையில் அதே குரலில் வாசியுங்கள். அவர்களில் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நல்லதையும் கெட்டதையும் அவர் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று, இதற்குச் செலவே இல்லை. "இல்லன்னா ஃபேக்டரிதான்" என்ற வாக்கியத்தை வகுப்பறையில் சொல்லாதீர்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ அன்று காலைதான் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

பட்டியல் அனுப்பிய பள்ளிக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த 32 பேரையும் இந்தப் பருவம் முடிவதற்குள் இன்னொரு முறை அனுப்புங்கள், இந்த முறை வகுப்பில் உள்ள மற்ற எல்லோரோடும். மதிப்பெண் விவரம் எனக்கு வேண்டாம், காலணி அளவு மட்டும் எழுதி அனுப்புங்கள். முதலில் அளவீட்டு அறைக்கு அழைத்துப்போகிறேன். ஸ்லிப் கேஜ் பெட்டியைத் திறந்து, துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பையனைக் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டூல் ரூம் தொழிலாளி